அச்சில் இருக்கும் வம்சாவளியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களோடு வேலை பார்க்கும் டப்ளின்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் ஃபிட்ஸ்ஜெரால்ட். அந்தப் பெயரைத் தேடியபோது இணையத்தில் ஒரு வம்சாவளி கிடைத்திருக்கிறது. லெய்ன்ஸ்டர் கோமகன்கள், அவர்களுக்கு முன் கில்டேர் பிரபுக்கள், அதற்கு முன் நார்மன் வீரர்கள், அதற்கும் முன் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கெரார்டினி குடும்பம் என்று எங்கேயும் அறுபடாமல் ஆயிரம் வருடம் பின்னால் போகிறது. ‘பிரிட்டிஷ்காரர்கள் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்களே, அப்படியானால் இது உண்மைதானே? என் நண்பரும் அந்த வம்சம்தானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ஒரு வம்சாவளியில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் டப்ளினிலும் குடும்பங்களுக்காகப் பதிவேடு தேடித் தருவதே பதினாறு வருடமாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். வம்சாவளியை மொத்தமாக உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல முடியாது. அது ஒரு சங்கிலி. இவர் இவருடைய மகன் என்ற ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாகச் சாட்சி வேண்டும். இருபது கண்ணி உறுதியாக இருந்து இருபத்தோராவது வெறும் காற்றாக இருக்கலாம். அச்சில் எல்லாம் ஒரே எழுத்தில்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் ஃபிட்ஸ்ஜெரால்டையே எடுத்துக்கொள்வோம். 1086-இல் இங்கிலாந்தின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏட்டில் ‘ஒதரின் மகன் வால்ட்டர்’ என்று ஒருவர் நில உரிமையாளராக வருகிறார். விண்ட்சர் கோட்டையின் காவல் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவருடைய மகன் ஜெரால்ட், வேல்ஸில் பெம்புரோக் கோட்டைக்குத் தலைவர். வேல்ஸ் அரசர் ஒருவரின் மகளான நெஸ்ட்டை மணந்தவர். அவர்களுடைய மகன் மாரிஸ் 1169-இல் அயர்லாந்தில் வந்து இறங்கினார். இந்த இடத்தில் நமக்கு அருமையான சாட்சி ஒருவர் இருக்கிறார். அயர்லாந்துப் படையெடுப்பை எழுதி வைத்த வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற பாதிரியார், இந்த மாரிஸின் சொந்த அக்கா தங்கை வழி மருமகன். தன் குடும்பத்தாரின் வீரத்தைப் பற்றி அவர் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, மாமன்மாரைத் தூக்கி வைத்துத்தான் எழுதுவார். ஆனால் தன் மாமனுடைய அப்பா யார் என்று அவருக்குத் தெரியாமலா போகும்? உறவு விஷயத்தில் அவர் சாட்சி பலமானது. ஒரே ஆளுடைய சாட்சியத்தை ஒரு விஷயத்துக்கு ஏற்றுக்கொண்டு இன்னொரு விஷயத்துக்குத் தள்ளி வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் பாதி அதுதான்.

மாரிஸுக்குப் பின்னால் வருகிறவர்கள் நில ஆவணங்களிலும் அரசக் கடிதங்களிலும் தொடர்ந்து வருகிறார்கள். 1316-இல் கில்டேர் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம், 1766-இல் லெய்ன்ஸ்டர் கோமகன் பட்டம். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நூலிழையில் தப்பியது. 1537-இல் பத்தாவது ஏர்ல் தாமஸையும் அவருடைய சித்தப்பா பெரியப்பா ஐந்து பேரையும் எட்டாம் ஹென்றி லண்டனில் டைபர்னில் கொன்று போட்டார். மிச்சம் இருந்தது தாமஸின் அப்பாவுக்கு இரண்டாம் மனைவியிடம் பிறந்த பிள்ளைகள்தான். அவர்களில் மூத்தவன் ஜெரால்ட், பன்னிரண்டு வயதுப் பையன். அவனை ஒளித்து ஒளித்து ஐரோப்பாவுக்குக் கடத்தினார்கள். அவன் திரும்பி வந்து 1554-இல் பட்டத்தை மீட்டான். பின்னால் அவனுடைய ஆண்வழி அறுந்தபோது பட்டம் அவன் தம்பி எட்வர்டின் வழிக்குப் போனது. இன்றுள்ள லெய்ன்ஸ்டர் வழி அந்த எட்வர்டிலிருந்து வருகிறது. ஜெரால்டைப் பிடிக்க அரசாங்கமே ஆள் விட்டுத் தேடியதால் அவன் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவனைப் பற்றி அவ்வளவு கடிதப் போக்குவரத்து இருக்கிறது.

ஆக 1086 வரை நம்பலாம். வால்ட்டரின் அப்பா ஒதர் வெறும் பெயர். அதற்கு மேல் ஃபுளோரன்ஸ் கதைக்கு ஆதாரம் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ்காரர்களும் அயர்லாந்துப் பிரபுக்களும் ஒருவரையொருவர் உறவு கொண்டாடியது உண்மை. ஃபிட்ஸ்ஜெரால்டுகளுக்கு ‘ஜெரால்டின்’ என்றும் ஒரு பெயர் உண்டு; கெரார்டினி, ஜெரால்டின் என்று பெயர் ஒத்துப்போனது இரண்டு பக்கத்துக்கும் பிடித்திருந்தது. ஆனால் நானூறு வருடம் கழித்துச் சொல்லப்படும் உறவுக்குப் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றால் அதைக் கண்ணியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொன்று: ‘ஃபிட்ஸ்’ என்றால் மகன். ஆரம்பத் தலைமுறைகளில் அது குடும்பப் பெயரே இல்லை. ஜெரால்டின் மகன் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட்; அவருடைய மகன் ஜெரால்ட் ஃபிட்ஸ்மாரிஸ். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இதைத் தெரியாமல் குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர்கள் சம்பந்தமில்லாத ஆட்களைக் கோத்துவிடுகிறார்கள்.

சரி, இப்படிப்பட்ட கதைகள் அச்சுக்கு எப்படி வந்தன? பட்டம் பெற்ற பிரபு குடும்பங்களின் வம்சாவளித் தொகுதியான, எல்லோருக்கும் தெரிந்த பர்க்கின் பியரேஜ் 1826-இல் முதலில் வந்தது. அதன் பிறகு பட்டம் இல்லாத நிலக்கிழார் குடும்பங்களுக்கென்று, அதாவது ஜென்ட்ரி என்று சொல்கிறார்களே, அவர்களுக்கென்று தனித் தொகுதிகள் வந்தன. இவற்றில் பெரும்பகுதி அந்தந்தக் குடும்பமே எழுதிக் கொடுத்த விவரம். தாத்தா, அப்பா, பிள்ளைகள் விஷயத்தில் அது பொதுவாகச் சரியாக இருக்கும். மேலே போகப் போக, அந்தக் குடும்பம் தன்னைப் பற்றி நம்ப விரும்பியதுதான் இருக்கும். 1877-இலேயே வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் இதைக் கடுமையாகத் தாக்கினார். அவருக்குப் பின் ஹொரேஸ் ரவுண்ட் வந்தார், ஒவ்வொரு பத்திரமாகப் பிரித்துப் பார்த்தார்.

ரவுண்ட் உடைத்ததில் பெரியது டென்பி ஏர்ல்களான ஃபீல்டிங் குடும்பத்தின் கதை. ஆஸ்திரியப் பேரரசர்களின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தில் ஒரு கிளை 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்து ஃபீல்டிங் ஆனது என்று இருநூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் நம்பினார்கள். கிப்பன் போன்ற பெரிய வரலாற்றாசிரியர்கூட நம்பினார். நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் இந்தக் குடும்பம் என்பதால் அவரை ஹாப்ஸ்பர்க் வம்சத்தோடு சேர்த்துத் தன் சுயசரிதையில் புகழ்ந்திருக்கிறார். 1901-இல் ரவுண்ட், இதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்ட பழைய பத்திரங்கள் போலி என்று நிறுவினார். அவை 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. டென்பி ஏர்ல் பட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1622-இல். அதை வாங்கிய வில்லியம் ஃபீல்டிங், அரசரிடம் செல்வாக்கு மிகுந்த பக்கிங்ஹாம் பிரபுவின் சகோதரியுடைய கணவர். நடுத்தர நிலக்கிழார் குடும்பம் திடீரென்று அரசவையில் மேலே ஏறியது. ஏறிய இடத்துக்குத் தகுந்த முன்னோர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு வம்சாவளியைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதை முதன்முதலில் எழுதியவர் யார், எந்த வருடம், அப்போது அவருக்கு என்ன தேவை இருந்தது?

ரவுண்ட் காலத்துக்குப் பிறகு தரம் உயர்ந்தது. கம்ப்ளீட் பியரேஜ் என்ற பெரிய தொகுதியின் இரண்டாம் பதிப்பு 1910-இல் தொடங்கி 1959 வரை வந்தது. பக்கத்தில் பாதி அடிக்குறிப்புதான். எந்த உயில், எந்தச் சுவடி என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லும். அதிலும் திருத்தம் தேவைப்படும் இடங்கள் உண்டு, ஆனால் நீங்களே சரிபார்க்கலாம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியமோடு ஹேஸ்டிங்ஸ் போரில் நின்றதாக எத்தனையோ குடும்பங்கள் சொல்லிக்கொள்கின்றன. பெயர் சொல்லி நிரூபிக்க முடிந்தவர்கள் அந்தத் தொகுதியின் கணக்குப்படி சுமார் 15 பேர்தான்.

ஜென்ட்ரி குடும்பங்களுக்கு இன்னொரு பழைய ஆதாரம் உண்டு. 1530 முதல் 1680-கள் வரை ஹெரல்டுகள் என்ற அரச அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், கேடயச் சின்னம் வைத்துக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு என்று விசாரித்தார்கள். குடும்பத் தலைவர் பழைய பத்திரம், முத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார். அவர் சொன்ன வம்சாவளியை எழுதிக்கொள்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் அவரே கீழே கையெழுத்தும் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்துதான் எனக்குத் தங்கம். கையெழுத்துப் போட்டவரின் பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், அப்பா, தாத்தா வரை கண்ணை மூடிக்கொண்டு இல்லாவிட்டாலும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே வேறு சாட்சி வேண்டும். இந்த விசாரணை ஏடுகளை ஹார்லியன் சொசைட்டி என்ற சங்கம் அச்சிட்ட புத்தகங்களில் பல, மூலத்திலிருந்து அல்லாமல் பிறர் எடுத்த பிரதிகளிலிருந்து வந்தவை. பின்னால் வந்தவர்கள் தங்கள் கைச்சரக்கையும் அதில் சேர்த்திருப்பார்கள்.

கோயில் பதிவேடுகள் 1538-இல் கட்டளையிடப்பட்டன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் எழுத வேண்டும். 1640-கள், 50-களில் உள்நாட்டுப் போரால் பெரிய ஓட்டைகள். 1752 வரை வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது என்பதால், பதிவேட்டில் 1701 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1702. இதைக் கவனிக்காமல் பார்த்தால் கல்யாணம் ஆன நாலாவது மாதத்தில் குழந்தை பிறந்த மாதிரியோ, செத்த பிறகு உயில் எழுதின மாதிரியோ தோன்றும்.

ஒருமுறை ஒரு குடும்பம் தங்கள் முன்னோர் ஜான் என்பவர் ஒரு மாளிகை வீட்டுப் பிள்ளை என்று அச்சிட்ட வம்சாவளியோடு வந்தது. ஊர் சரி, பெயர் சரி, ஞானஸ்நான வருடமும் சரி. நான் அதே பதிவேட்டின் பின்பகுதியில் அடக்கங்களைப் புரட்டினேன். எட்டு மாதம் கழித்து, மங்கிப்போன பழுப்பு மையில் ஒரே வரி: அதே ஜான், அதே அப்பா பெயர், பக்கத்தில் லத்தீனில் குழந்தை என்று ஒரு சொல். மாளிகை வீட்டு ஜான் தவழக்கூட இல்லை. இவர்களுடைய ஜான் அதே ஊரில் செருப்புத் தைத்த வேறொருவரின் மகன். அந்த வரியை அவர்களிடம் காட்டிய மத்தியானம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வெகுநேரம் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. ஞானஸ்நானத்தைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடக் கூடாது, அவன் வளர்ந்தானா என்றும் பார்க்க வேண்டும்.

உயில்கள் இதைவிடச் செழிப்பானவை. கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான உயில்கள் கியூவில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். ஆனால் உறவுச் சொற்களில் ஏமாறக் கூடாது. அத்தை மகன், சித்தி மகன், மருமகன் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இது முதலில் தலை சுற்றும். பழைய ஆங்கிலத்தில் ‘கசின்’ என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம், தூரத்துச் சொந்தமாகவும் இருக்கலாம். ‘சன் இன் லா’ என்றால் சில சமயம் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளை. ‘மிஸஸ்’ என்று எழுதியிருப்பதால் கல்யாணமானவள் என்று அர்த்தமில்லை, அது மரியாதைச் சொல். சீனியர், ஜூனியர் என்றால் அப்பா மகன் என்று நினைக்காதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர், இளையவர், அவ்வளவுதான்.

பழமையானது சந்தேகம், புதியது நிச்சயம் என்றும் நினைக்க வேண்டாம். பார்க்லி குடும்பத்தைப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டு முதல் அதே பார்க்லி கோட்டையில் இருக்கிறார்கள். முன்னோர் ராபர்ட் ஃபிட்ஸ்ஹார்டிங் வரை உறுதி. அவருடைய தாத்தா, 1066-க்கு முன்பே இருந்த எட்நாத் என்ற ஆங்கிலேய அதிகாரி என்பது மிகவும் சாத்தியம். இவ்வளவு பலமான வம்சாவளியில் பிரச்சினை வந்தது 1810-இல், கண்ணெதிரே இருந்த தலைமுறையில். ஐந்தாவது ஏர்ல் இறந்ததும், தாயும் தந்தையும் 1785-இலேயே ரகசியமாக மணந்தார்கள் என்று மூத்த மகன் பட்டம் கேட்டார். பதிவேட்டில் குறிப்பும் காட்டினார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கல்யாணம் நடந்தது 1796-இல். பிரபுக்கள் சபை 1811-இல் முதல் கல்யாணத்தை ஏற்கவில்லை. 1796-க்குப் பிறகு பிறந்த மகன் தாமஸுக்குப் பட்டம் வந்தது. அவரோ கடைசி வரை அதைக் கேட்கவே இல்லை, தன் தாயின் மானத்துக்காக. இரத்த உறவில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை, கேள்வி கல்யாணத் தேதி மட்டும்தான். பட்டத்துக்கான வம்சாவளியும் இரத்தத்துக்கான வம்சாவளியும் ஒன்றல்ல.

இனி அயர்லாந்து. எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள் என்ற உங்கள் எண்ணம் இங்கேதான் உடைகிறது. எழுதினார்கள், எரிந்துபோனது. 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டு ஆவணங்கள், உயில்கள், பாதுகாப்புக்காக அங்கே அனுப்பி வைத்த புராட்டஸ்டன்ட் கோயில் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய எல்லாம் போயின. எரிந்த காகிதத் துண்டுகள் நகரமெங்கும் பறந்து விழுந்தன. இதற்குப் பின் பிரபு குடும்பங்களும் விவசாயக் குடும்பங்களும் ஒரே நிலைமையில் இல்லை. நிலம் உள்ளவர்களுக்கு மாற்று வழிகள் தப்பின. 1708-இல் தொடங்கிய பத்திரப் பதிவகம் வேறு கட்டடத்தில், ஹென்ரியட்டா தெருவில் இருந்ததால் பிழைத்தது. வில்லியம் பெத்தம் என்ற ஹெரல்டு, 1800 வரையான உயில்களிலிருந்து குடும்ப விவரங்களைச் சுருக்கி எழுதி வைத்திருந்தார். மூல உயில்கள் சாம்பலான பிறகு அவர் குறிப்பேடுகள்தான் பல குடும்பங்களுக்குக் கதி. நான் அந்தக் குறிப்புகளிலிருந்து மீட்ட கொடிவழிகள் ஏராளம். ஆனால் மூலம் இல்லாததால் அவர் விட்டதை நாம் சேர்க்க முடியாது.

நார்மன்களுக்கு முன்பிருந்த கேலிக் குடும்பங்கள் தனி உலகம். வம்சாவளி சொல்வதே அங்கே பரம்பரைத் தொழிலாக இருந்தது. அவர்களுடைய ஏடுகள் ஸ்பெயினிலிருந்து வந்த மீல் என்ற வீரனுக்கும், அவனிலிருந்து ஆதாமுக்கும் போகும். அந்த மேல்பகுதியை வரலாறாக எடுக்க முடியாது. ஆனால் அதற்காகக் கீழ்ப்பகுதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1014-இல் க்ளோன்டார்ஃப் போரில் இறந்த அரசர் பிரையன் போருவிலிருந்து ஓ’பிரையன் குடும்பம் வருவது ஆண்டுக் குறிப்புகளால் உறுதிப்படுகிறது. 1543-இல் எட்டாம் ஹென்றியிடமிருந்து இன்சிகுவின் பாரன் என்ற பிரபுப் பட்டம் வாங்கிய அந்த வழி இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே இவ்வளவு நீளமான ஆண்வழி அபூர்வம். போலி என்பது பழைய காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை: மக்கார்த்தி மோர் என்ற பழைய குலத்தலைவர் பட்டத்தை ஒருவர் கோர, அயர்லாந்தின் தலைமை ஹெரல்டே 1992-இல் அங்கீகரித்தார். ஆதாரங்கள் நிற்கவில்லை என்று தெரிந்து 1999-இல் அது ரத்தானது. 2003-இல் குலத்தலைவர்களை அங்கீகரிக்கும் வழக்கத்தையே அரசு விட்டுவிட்டது.

டி.என்.ஏ. பார்த்தால் தெரிந்துவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆய்வகம் என் துறை இல்லை, முடிவுகளைக் கொடிவழியோடு பொருத்திப் பார்ப்பது மட்டும் என் வேலை. 2012-இல் லெஸ்டரில் தோண்டி எடுத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்டுடையவை என்று பெண்வழி மரபணு காட்டியது. ஆண்வழிக்காக, மூன்றாம் எட்வர்டிலிருந்து வருவதாக ஏட்டில் உள்ள பியூஃபோர்ட் கோமகன்களின் வழிவந்த ஐந்து பேரைச் சோதித்தார்கள். ஒருவருடையதும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. அந்த ஐந்து பேரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. ஏடு ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது, ஆனால் எங்கேயோ குறைந்தது இரண்டு கண்ணிகளில் பிள்ளையின் தகப்பன் வேறொருவர். எந்தக் கண்ணி என்று அந்தச் சோதனை சொல்லாது. 2016-இல் பிரிங்கிள் குடும்பத்தின் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டத்துக்கு இரண்டு கிளைகள் போட்டியிட்டபோது, பிரிவி கவுன்சில் என்ற சபையின் நீதிக் குழு டி.என்.ஏ. சாட்சியத்தை ஏற்றுப் பட்டத்தை மற்ற கிளைக்குக் கொடுத்தது. அப்படித் தெளிவாகத் தீர்வது அபூர்வம், ஏனென்றால் அங்கே எந்த இரண்டு பேரை ஒப்பிட வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது.

அப்புறம் உங்கள் நண்பர். அயர்லாந்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் மிகவும் பரவலான பெயர். எண்ணூறு வருடத்தில் அந்தக் குடும்பத்தின் இளைய கிளைகள் சாதாரண விவசாயிகளாகவும் ஆகியிருக்கின்றன, அதனால் அவர் அந்த வழியாக இருக்கவும் கூடும். பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மேலிருந்து கீழே வராதீர்கள், அவரிலிருந்து மேலே போங்கள். 1864 முதல் அயர்லாந்தில் எல்லாப் பிறப்பு இறப்புகளும் அரசுப் பதிவில் உண்டு. கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகளை தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. பல ஊர்களில் அவை 1820-களில்தான் தொடங்கும். குத்தகை விவசாயியாக இருந்தால் பெரும்பாலும் அங்கே வழி நின்றுவிடும். அதற்கு மேல் யாராவது 1169 வரை கோடு போட்டுக் கொடுத்தால், நடுவில் இருக்கும் அறுநூறு வருடத்துக்கு ஆவணம் கேளுங்கள்.

அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரும் மாவட்டமும் தெரிந்தால் 1911 கணக்கெடுப்பில் தொடங்குங்கள், அதுவும் இலவசம். அந்தப் படிவத்தைப் பெரும்பாலும் குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கேள்விகளும் அதில் உண்டு. உங்கள் நண்பர் தன் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தை முதல் தடவை பார்ப்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.